திருடனின் மூக்கை நிமிர்த்தியவர்

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், கடைத்தெருக் கடிகாரக் கடையிலிருந்து நாற்பத்திரண்டு சுவர்க் கடிகாரங்கள் காணாமல் போயின. கடைக்காரர் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து திறந்தால் சுவரில் நாற்பத்திரண்டு ஆணிகள் மட்டும் இருந்தன. பூட்டு பூட்டியபடியே இருந்தது. கல்லாவை யாரும் தொடவில்லை. எதிர்க்கடை, பக்கத்துக்கடை, நடைபாதை, எங்கேயும் யாரும் ஒன்றும் பார்க்கவில்லை. இன்றுவரை திருடனும் அகப்படவில்லை, ஒரு முள்ளும் அகப்படவில்லை.

நாற்பத்திரண்டு என்பது போலீஸ் கணக்கு. இந்தக் கதையை வருஷா வருஷம் சொல்லும் டச்சப்பின் கணக்கில் போன வருஷம் அது நூற்றுப்பதினாறு ஆகியிருந்தது. அதில் ஒன்று ஆளுயரக் கடிகாரம் என்றும், அது மணி அடித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்றும் அவர் சொல்லுவார். கேட்டவர்கள் நம்பவில்லை. ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை.

டச்சப் அதே கடைத்தெரு ஃபோட்டோ ஸ்டூடியோவில் முப்பது வருஷம் நெகட்டிவ் திருத்தியவர்; அந்த டச்சப் வேலையே பெயராகிவிட்டது. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, கோணல் வகிடு, எதுவானாலும் அவர் மேஜைக்குப் போனால் மறுநாள் இருக்காது. இரட்டை நாடி உள்ளவர்கள் ஒற்றை நாடியோடு வீட்டுக்குப் போனார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. ஓய்வூதியத் தாளைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

நூலகத்தில் வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை, திருட்டு நடந்த தேதியை ஒட்டி, சாயங்காலம் ஐந்தரைக்கு வாசிப்பறை மேஜைகளை ஓரம் தள்ளி நாற்காலி போடுவார்கள். அந்தத் திருட்டைப் பற்றித் தெரிந்தவர், தெரிந்ததாக நினைப்பவர், யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். நான்கைந்து பேர் சொல்லுவார்கள். கடைசி ஆள் டச்சப். இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் கடைசி ஆள். முதல் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். அவள் தலையாட்டினால் வேகமாகப் போவார். கைப்பையை மூடித் திறந்தால் சுருக்கிக்கொள்வார். உலகத்தில் எந்தத் தலை ஆடாவிட்டாலும் அவருக்குக் கவலை இல்லை, அந்த ஒரு தலை ஆட வேண்டும். அந்த மூன்றாவது நாற்காலிக்கு முன்னால் நின்று பேசும்போதுதான் தான் இந்த ஊரிலேயே எடுப்பான ஆண்பிள்ளை என்று அவருக்குத் தோன்றும். வருஷத்தில் ஒருநாள், நாற்பது நிமிஷம். மற்ற நாள்களில் கண்ணாடி அந்த எண்ணத்துக்கு இடம் கொடுப்பதில்லை.

இந்த வருஷம் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

வினை ஆரம்பித்தது சமையலறையில். புதிதாக வந்த நூலகர் பெண், விளம்பரத் தாளில் போட விவரம் கேட்டு வீட்டுக்கு வந்தாள். டச்சப் குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார். அதற்குள் நூலகர் சும்மா இருக்காமல், நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள் அம்மா என்று மனைவியைக் கேட்டுவைத்தாள். மனைவி அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கடைத்தெருவே இன்றும் அவளை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. அவள் என்ன சொன்னாளோ, குளியலறைக் கதவைத் தாண்டி நூலகரின் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. டச்சப்பின் நாடியில் பிளேடு ஒரு கோடு போட்டது. நுரையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, இந்த வருஷம் அம்மாவும் பேசுகிறார்கள் என்று முடிவாகிவிட்டிருந்தது. அவரும் பெருந்தன்மையாக, பேசட்டும், அஞ்சு நிமிஷம்தானே என்றார்.

அந்த ஐந்து நிமிஷம் நாற்பது நிமிஷம் ஆயிற்று.

அவள் முன்னால் போய் நின்ற விதமே அவருக்குப் பிடிக்கவில்லை. பயப்படவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. காதில் ஹெட்போன் மாட்டுகிற மாதிரி ஒரு கையைக் காதருகே கொண்டுபோனாள், அவ்வளவுதான், வாசிப்பறை எக்ஸ்சேஞ்ச் ஆகிவிட்டது. டச்சப்புக்கு ஒரு காட்சியைக் கண்முன் நிறுத்த நாற்பது அடைமொழி வேண்டும். அவள் ஒரு விரலை மடக்கியதில் அவள் உட்காரும் ஆறாம் நம்பர் போர்டும் அதில் தொங்கும் வயர்களும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தன.

கதை இதுதான். திருட்டுக்கு முந்தின நாள், கடிகாரக் கடையின் பத்தாம் வருஷத்துக்காகக் கடைவாசலில் ஒரு குரூப் ஃபோட்டோ எடுத்தார்கள். படத்தின் ஓரத்தில், நடைபாதையில், அந்நியன் ஒருத்தன் நின்று கண்ணாடிக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். மிளகு அளவு முகம். இவன்தான் இரண்டு நாளாகக் கடையைச் சுற்றினான் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். போலீஸ் அந்த முகத்தைப் பெரிதாக்கி ஐந்நூறு நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்க ஒட்டியது. கீழே ஒரு டெலிபோன் எண். அந்த எண்ணுக்கு வருகிற அழைப்பெல்லாம் ஆறாம் நம்பர் போர்டு வழியாகத்தான் போக வேண்டும்.

முதல் அழைப்பு ஒரு பெண்ணிடமிருந்து வந்ததாம். இவரைப் பிடித்துவிட்டீர்களா, அல்லது இன்னும் வெளியில்தான் இருக்கிறாரா என்று கேட்டாளாம். கேட்ட குரலில் வெளியில் இருந்தால் நல்லது என்கிற மாதிரி ஒரு இழுப்பு. அடுத்தது ஒரு அம்மாள்: பையனுக்குத் திருட்டைத் தவிர நிலையான வேலை ஏதாவது உண்டா? மூன்றாவதாகப் பேசிய ஆண், நான்தான் அவன், வந்து சரணடைகிறேன் என்றானாம். போலீஸ் ஸ்டேஷனில் அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, போய் வேலையைப் பாரப்பா என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாசத்தில் அறுநூறு அழைப்பு. திருடனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, எல்லாமே விசாரிப்பு. ஐந்நூறு நோட்டீஸில் முந்நூற்றெழுபது முதல் வாரத்திலேயே சுவரிலிருந்து காணாமல் போயின. திருடனின் கூட்டாளிகள் கிழிக்கிறார்கள் என்று போலீஸ் காவல் போட்டது. காவலில் மாட்டியவர்கள் மூன்று நர்ஸுகள், ஒரு டீச்சர், கடிகாரக் கடைக்காரரின் சொந்தக் கொழுந்தி.

ஒவ்வொரு குரலையும் அவள் அந்தந்தக் குரலிலேயே பேசிக் காட்டினாள். டச்சப் சிரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தச் சாதனை, மழை வந்து யாரும் வெளியே போக முடியாத ஒரு வருஷத்தில், பதினோரு சிரிப்பு. அவள் அதைப் பன்னிரண்டாவது நிமிஷத்தில் தாண்டினாள். அதிலும் ஒன்று, ஆணிகள் மட்டும் மிஞ்சிய சுவரைப் பற்றி அவரே கண்டுபிடித்து வருஷக்கணக்காகச் சொல்லிவந்த வேடிக்கை. அதை அவள் பாதியாகக் குறைத்து, கடைசிச் சொல்லை விழுங்கிச் சொன்னாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடப்பாவி, கடைசிச் சொல்லை விழுங்க வேண்டுமா, இருபத்திரண்டு வருஷமாக இது தெரியாமல் போச்சே என்று அவர் உள்ளுக்குள் வெந்தார்.

பக்கத்து நாற்காலியில் மைத்துனன், மனைவியின் தம்பி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆட்டோ உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். எந்த நட்டு எங்கே கழன்றிருக்கிறது என்று பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவான். அத்தானின் முகத்தைப் பார்த்தான்.

“என்ன அத்தான், வேர்க்குது? ஃபேனுக்குக் கீழதானே உக்காந்திருக்கீங்க.”

“காத்து இந்தப் பக்கம் வரல.”

“காத்தெல்லாம் வருது. அக்கா பக்கமா வீசுது, அவ்வளவுதான்.”

இது வரைக்கும் ஒரு மாதிரி. கலைஞனுக்குக் கலைஞன் மேல் வருகிற எரிச்சல்; நாலு நாளில் ஆறியிருக்கும். அதற்கப்புறம்தான் அவள் கைப்பையைத் திறந்தாள்.

உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதம். மடிப்பில் மடிப்பில் பின்பக்கம் டேப் ஒட்டி, பிறந்த குழந்தையைப் பிரிக்கிற மாதிரிப் பிரித்தாள். நோட்டீஸ். இவரைப் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் என்கிற வரி, கீழே எண், நடுவில் அவன்.

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அழகன் என்றால் அப்படி ஒரு அழகன். நேரான மூக்கு. பெட்ரோமாக்ஸ் விளக்குப் போட்ட மாதிரி இரண்டு கண். கன்னத்தில் ஒரு புள்ளி கிடையாது. நாடி, யாரோ உட்கார்ந்து செதுக்கிய நாடி. நாற்பத்திரண்டு கடிகாரம் என்ன, ஊரையே எடுத்துக்கொண்டு போ என்று சாவியைக் கொடுக்கத் தோன்றுகிற முகம்.

எண் மறக்காமல் இருக்க அதைப் போர்டுக்கு மேலே ஒட்டியிருந்ததாகச் சொன்னாள். எட்டு மாசம் ஷிஃப்ட் முழுக்க அந்த முகத்துக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாளாம். அந்த எட்டு மாசமும் வேலைக்குப் போகும்முன் இரண்டு தடவை தலை வாரிக்கொண்டாளாம்.

“பேப்பர்தான். ஆனா அது பாக்குதே, என்ன பண்றது,” என்றாள்.

பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்: “அக்கா, அப்ப சாரை எப்பப் பாத்தீங்க?”

“இவரையா? இவரை அப்புறம்தான் பாத்தேன். ஒரு வருஷம் கழிச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அதுக்குள்ள கண்ணு பழகிடுச்சு.”

எதற்குப் பழகியது என்று சொல்லவில்லை. அறை சிரித்த சிரிப்பில் அலமாரியிலிருந்து ஒரு அகராதி விழுந்தது என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். டச்சப்பின் காது வழியாகப் புகை வந்தது. மைத்துனன் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்ப் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினான். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவர் மனத்துக்குள் ஒரே கணக்கு ஓடியது. முப்பத்தாறு வருஷம். ஐந்து வீடு மாறினார்கள். இந்தக் காகிதமும் மாறியிருக்கிறது. எந்தப் பெட்டியில்? தையல் மிஷின் மூடிக்குள்ளா, பழைய டைரக்டரிக்குள்ளா? எந்தப் பெட்டியானாலும் மாடிப்படியில் அதைத் தூக்கியது யார்? இவர்தான். இடுப்புப் பிடித்துக்கொண்டு, நடுப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, அந்தப் பயலை மூன்றாவது மாடி வரைக்கும் தோளில் சுமந்திருக்கிறார். இரண்டு வீட்டில் லிஃப்ட்கூடக் கிடையாது.

இதைவிட மோசம் ஒன்று இருந்தது. அது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த முகத்தை அவருக்குத் தெரியும். ஒவ்வொரு அங்குலமும் தெரியும், ஏனென்றால் அதைச் செய்தவர் அவர்.

இன்ஸ்பெக்டர் அன்றைக்கு ஸ்டூடியோவுக்கு வந்து, மிளகு முகத்தைப் பெரிதாக்கச் சொன்னபோது, படம் புள்ளி புள்ளியாக வந்தது. முகம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிதாக்கியதை மறுபடி படம்பிடித்து உள்ளங்கை அளவு நெகட்டிவ் ஆக்கி முதலாளி டச்சப்பின் மேஜையில் வைத்தார். மேஜையில் சாய்ந்த கண்ணாடி, கீழே வெளிச்சம், ஊசி மாதிரிச் சீவிய பென்சில், ஒரு சுரண்டு கத்தி. டச்சப்புக்கு அப்போது வயது இருபத்தேழு. மத்தியானம் பூரா வேலை செய்தார். மனசு எங்கேயோ இருந்தது, கை தன் பழக்கத்தில் போயிற்று. புருவத்தை வெட்டிக்கொண்டு போன தழும்பைச் சுரண்டி எடுத்தது. கன்னத்துக் குழிகளைப் பென்சிலால் நிரப்பியது. ஒரு பக்கம் சாய்ந்திருந்த மூக்கை நிமிர்த்தியது. விரிந்த காதை உள்ளே தள்ளியது. கண்ணில் இரண்டு பொட்டு வெளிச்சம் வைத்தது. கல்யாண மாப்பிள்ளைக்குச் செய்கிற அத்தனையும், ஒன்று விடாமல்.

மறுநாள் காலை தபாலாபீஸ் சுவரில் நோட்டீஸைப் பார்த்தபோதுதான் கை செய்த காரியம் உறைத்தது. கடிகாரக் கடைக்காரரே அதைப் பார்த்துவிட்டு, நேரில் இவ்வளவு நன்றாக இல்லையே என்றாராம். நீங்கள் கோபத்தில் பார்த்திருப்பீர்கள் என்றாராம் இன்ஸ்பெக்டர். டச்சப் வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க ஸ்டேஷன் இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிப் போனார். பிறகு வருஷங்கள் போகப் போகப் பயம் தெளிந்தது. கதை அவருடையதாயிற்று. நோட்டீஸ் வரும் இடத்தை மட்டும் தாண்டிவிட்டு, ஆளுயரக் கடிகாரத்தை நடுவில் நிறுத்தினார்.

இப்போது அவர் சொந்தக் கையால் செய்த ஒருத்தன், அவர் மனைவி கையில், அவர் முகத்தைப் பார்த்தே அழகாக இருந்துகொண்டிருந்தான். வாயைத் திறந்தால் முப்பத்தாறு வருஷ மானம் போகும். மூடிக்கொண்டிருந்தால் அவள் அவனை மடித்து மறுபடி கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவரோடு வீட்டுக்கு வருவாள்.

டச்சப் எழுந்தார்.

“அது அவன் மூஞ்சி இல்ல,” என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“மூக்கு நான் நிமித்தினது. கண்ணு நான் வச்சது. புருவத்துல தழும்பு இருந்துச்சு, நான்தான் எடுத்தேன். அவன் அழகெல்லாம் இல்ல. சுமாரான ஆளு. சுமாருக்கும் கீழ.”

அறை ஒரு கணம் அவரையும் நோட்டீஸையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு வெடித்தது. அவர் வாழ்நாளிலேயே வாங்கிய மிகப் பெரிய சிரிப்பு அதுதான். மேஜையைத் தட்டினார்கள். டச்சப் சார் இந்த வருஷம் புதுச்சரக்கோடு வந்திருக்கிறார் என்றார்கள். வேறு எந்த நாளிலாவது அந்தச் சிரிப்பு கிடைத்திருந்தால் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். இன்று அது அவர் தலையில் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது. நான் நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவர் மனைவி. இன்னொருவர், ஜன்னலோரம் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த பழைய சார்ஜண்ட். அந்த வழக்கை விசாரித்தவர்களில் உயிரோடு மிச்சமிருப்பவர் அவர் ஒருவர்தான். வருஷா வருஷம் வருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார், கேட்டுவிட்டுப் போவார். இப்போது மெதுவாக எழுந்தார். அவர் எழுந்ததும் சிரிப்பு ஓய்ந்தது.

“தழும்பு எந்தப் புருவத்துல?”

டச்சப் யோசித்தார். நெகட்டிவைக் கவிழ்த்து வைத்து வேலை செய்தால் வலது இடதாகும். கவிழ்த்து வைத்தாரா, நிமிர்த்தி வைத்தாரா? கடைசியில், வரைந்தே காட்டிவிடுகிறேன், பென்சில் கொடுங்கள் என்றார். மனைவியின் கையிலிருந்த நோட்டீஸை நோக்கிக் கை நீட்டினார்.

அவள் காகிதத்தை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

“இதுலயா? கிறுக்க விடமாட்டேன்.”

“நான் போட்டதுதானே?”

“எனக்குக் கொடுத்தது நீங்க இல்லையே.”

நூலகர் குறுக்கே வந்து, நோட்டீஸைப் பூப்போல வாங்கிக்கொண்டு போய், ஜெராக்ஸ் மெஷினில் ஒரு நகல் எடுத்துத் தந்தாள். அசல் மறுபடி மனைவியின் கைக்குப் போயிற்று. நகலை மேஜையில் வைத்து டச்சப் குனிந்தார். எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சூழ்ந்தார்கள். ஒரு திருட்டு தங்கள் கண்ணெதிரே துலங்கப் போகிறது என்று சிலர் மூச்சுக்கூட விடவில்லை.

முதலில் தழும்பு. புருவத்தில் தொடங்கினார். சின்னதாகத்தான் தொடங்கினார். ஆனால் எதிரே மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் முகத்தை மட்டும். பென்சில் நெற்றிக்கு ஏறியது, அங்கிருந்து கன்னத்துக்கு இறங்கியது. மூக்கை ஒடித்தார். ஒரு ஒடி போதவில்லை, எதிர்ப்பக்கமும் ஒடித்தார். காதை இழுத்துப் பறக்கவிட்டார். கன்னத்தில் குழி போட ஆரம்பித்தவர், மழை பெய்த மண்தெரு மாதிரி ஆகும்வரை நிறுத்தவில்லை. உதட்டைக் கோணலாக்கினார். முன்பல் ஒன்றை எடுத்தார். கைக்கு அது சுகமாக இருந்தது. முப்பது வருஷம் துடைத்தெடுத்த அத்தனை பேருடைய அசிங்கத்தையும் ஒருத்தன் மேல் கொட்டுகிற சுகம். கடைசியாக மூக்கு நுனியில், பட்டாணி அளவில், ஒரு மரு வைத்தார். நிமிர்ந்தார்.

“இவன்தான்,” என்றார்.

சார்ஜண்ட் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். அது ஆள் மாதிரியே இல்லை. சண்டைக்குப் போன உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. இப்படி ஒருத்தன் கடைத்தெருவில் நடந்திருந்தால் கடிகாரங்கள் தாமாகவே இறங்கி ஓடியிருக்கும்.

மனைவி கேட்டாள். எக்ஸ்சேஞ்ச் குரல், நிதானமாக, வயர் செருகுகிற மாதிரி.

“மூக்குல மரு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“என்னைப் பாத்துச் சொல்லுங்க.”

டச்சப் அவளைப் பார்த்தார். “இல்ல.”

“பல்லு?”

“வாய மூடிக்கிட்டுதான் நின்னான்.”

“அப்ப தழும்பு?” என்றார் சார்ஜண்ட்.

“தழும்பு இருந்துச்சு சார். சத்தியமா இருந்துச்சு. இவ்வளவு நீளம் இல்ல.”

“எவ்வளவு நீளம்?”

டச்சப் கண்ணை மூடினார். அந்த மத்தியானத்தை, சாய்ந்த கண்ணாடியை, கீழிருந்து வந்த வெளிச்சத்தை எல்லாம் கொண்டுவந்தார். முகம் வந்தது. நேரான மூக்கோடு, பளிச்சென்ற கண்ணோடு, நோட்டீஸிலிருந்து அப்படியே இறங்கி வந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. தள்ளினார். மறுபடி அதுவே வந்தது. முப்பத்தாறு வருஷமாக அவரும் அந்த நோட்டீஸைத்தான் நினைவில் வைத்திருந்திருக்கிறார். நிஜ முகத்தைச் சுரண்டு கத்தியின் தூசியோடு அன்றைக்கே ஊதித் தள்ளியாகிவிட்டது.

“தெரியல சார்,” என்றார்.

சார்ஜண்ட் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைத்தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த நோட்டீஸை வைத்துக்கொண்டு அவர்கள் செய்ததை எல்லாம் அப்போதுதான் சொன்னார், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. ஊரில் லட்சணமாக இருந்த ஆண்களை எல்லாம் கூப்பிட்டு விசாரித்தார்களாம். ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்டை மட்டும் மூன்று தடவை. மூன்றாவது தடவை அவன் அழுதுகொண்டே, ஐயா, நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள் என்றானாம். மொட்டையிலும் நன்றாகத்தான் இருந்தானாம்.

“அப்ப நாங்க யாரைத் தேடினோம்?”

“யாரையும் இல்ல சார்.”

“ஏழு வருஷம் எனக்குப் பிரமோஷன் நின்னுச்சு.”

டச்சப் பென்சிலை மேஜையில் வைத்தார். தலை குனிந்தார். பிறகு, மன்னிச்சிடுங்க சார் என்றார், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. சார்ஜண்ட் உருளைக்கிழங்கை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போகும்போது டச்சப்பின் தோளில் கைத்தடியின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார், லேசாக என்றும் சொல்ல முடியாது, பலமாக என்றும் சொல்ல முடியாது.

கூட்டம் கலைந்தபோது டச்சப்பைச் சுற்றி யாரும் இல்லை. எல்லாரும் எக்ஸ்சேஞ்ச் அக்காவைச் சுற்றி நின்றார்கள். அந்தச் சரணடைய வந்தவன் குரலை இன்னொரு தடவை பேசச் சொன்னார்கள். அடுத்த வருஷமும் அம்மாதான் கடைசியாகப் பேச வேண்டும் என்று நூலகர் இப்போதே எழுதி வாங்கிக்கொண்டாள். மைத்துனன் அத்தானிடம் வந்து, முதல் தடவையாகக் கிண்டல் இல்லாமல், அத்தான், எனக்கு ஒரு பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுக்கணும், பாத்துப் பண்ணுவீங்களா என்றான். பிறகு பொறுக்கமாட்டாமல், மரு வேண்டாம் என்றான்.

வீட்டுக்கு நடந்துதான் போனார்கள். தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. பேக்கரி வாசலில் தட்டுகளை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கைப்பை அவர்கள் இருவருக்கும் நடுவில் ஆடிக்கொண்டு வந்தது. டச்சப் அதைப் பார்க்காமல் பார்த்தார். தபாலாபீஸ் முனைவரைக்கும் பொறுத்தார்.

“இன்னும் உள்ளதான் இருக்கானா?”

“இருக்கான்.”

“அவன் அவனே இல்லன்னு ஆயிடுச்சு. இன்னும் எதுக்கு?”

“அழகா இருக்கான். அப்பவும் அதுக்குத்தான் வச்சேன். இப்ப மட்டும் என்ன குறைஞ்சுபோச்சு?”

அவர் பத்தடி நடந்தார். மனசுக்குள் ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. கேட்டால் அசடு வழியும் என்று தெரிந்தும் கேட்டார். “நான் போட்டதுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா?”

அவள் நின்றாள். பொய் சொல்ல யோசிக்கிறாளோ என்று பயந்தார். யோசிக்கவில்லை.

“தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஷிஃப்ட் முடிஞ்சதும் ஸ்டூடியோவுக்கு வந்திருப்பேன். இப்படி ஒரு கை யாருக்கு இருக்குன்னு பாக்க. ஒரு வருஷம் வீணாப் போச்சு, நீங்க வாய மூடிக்கிட்டு இருந்ததால.”

டச்சப்புக்கு அந்த நிமிஷம் தெருவிளக்குகள் எல்லாம் இரண்டிரண்டாக எரிந்தன. நெஞ்சு நிமிர்ந்தது. அந்த எட்டு மாசமும் அவள் தலை வாரிக்கொண்டது அவருடைய பென்சிலுக்கு. மூன்றாவது மாடிக்கு அவர் தூக்கியது தன்னையேதான். நடை துள்ளியது. பத்து வீடு தாண்டும்வரை அவரைவிடச் சந்தோஷமான மனிதன் அந்த ஊரில் இல்லை, பக்கத்து ஊரிலும் இல்லை.

“எப்படி இருந்திருப்பான்ல,” என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். “இருபத்தேழு வயசு. குனிஞ்சு உக்காந்து, பென்சிலை இப்படிப் பிடிச்சுக்கிட்டு. கீழேருந்து வெளிச்சம் மூஞ்சில அடிக்க.”

சொல்லும்போது அவள் கை தன்னையறியாமல் தலைக்குப் போய் ஒரு முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது.

டச்சப் அதைப் பார்த்துவிட்டார். நடை தளர்ந்தது. கண்ணாடி போட்ட, முன்வழுக்கை விழுந்த, இடுப்புப் பிடித்த அறுபத்துமூன்று வயதுக்காரர், அந்தப் பென்சில் பிடித்த பயலை நினைத்துப் பார்த்தார். நிறைய முடி இருந்தது அவனுக்கு.

“அவன் ஒண்ணும் அவ்வளவு ஒழுங்கு கிடையாது,” என்றார்.